வீட்டுத் தையலில் இருந்து சொந்தப் பூட்டிக்: திருகோணமலையில் 14 மாத வேலைக் குறிப்பு

42 சைஸ் குர்தி தோளில் சரியாக உட்கார மூன்று தடவை அட்டை (துணியில் வைத்து வரைந்து வெட்டும் அளவு மாதிரி) வெட்ட வேண்டிவந்தது. மூன்றாவது அட்டையில் தைத்ததில், தோள் எலும்பு முடிகிற இடத்திலேயே, கையை உடம்போடு மூட்டும் தையல் வந்து நின்றது. இது கடையாகும் என்று அன்றைக்குத்தான் நம்பிக்கை வந்தது. பெயர்ப்பலகை ஏறியது அதற்கு ஐந்து மாதம் கழித்து.

தொடக்கம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான்: முன் அறையில் ஒரு வீட்டு மெஷின், ஆட்கள் கொண்டுவரும் துணியில் பிளவுஸும் பஞ்சாபியும், இடையிடையே கொஞ்சம் குர்தி தைத்து வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு விற்பது. இலக்கு, சொந்த அளவுகளில் தைத்துத் தொங்கவிட்ட உடுப்பை வந்தவர் போட்டுப் பார்த்து வாங்கிப்போகும் கடை. இரண்டும் ஒரே வேலை மாதிரித் தெரியும், ஆனால் முதலாவதில் அளவு வாடிக்கையாளருடையது, இரண்டாவதில் அளவு கடையுடையது. அதனால் வேலையை ஓடர் கொப்பியில் தொடங்கி, அட்டை, விலைக் கணக்கு, மெஷின், துணி, பதிவு என்று போய், கடையை ஆகக் கடைசியில் வைத்தோம். ஊரில் பலர் கடையை முதலில் எடுத்துவிடுகிறார்கள். வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது அட்டை வெட்டுவதைப் போல ஒரு கொடுமை இல்லை.

ஓடர் கொப்பி

பழைய கொப்பிகளில் மார்பளவு எழுதப்பட்ட 118 பேர் இருந்தார்கள். ஒரு தாளில் கோடு போட்டு எண்ணினால்: 34உம் அதற்குக் கீழும் 9 பேர், 36இல் 21, 38இல் 31, 40இல் 28, 42இல் 18, 44உம் அதற்கு மேலும் 11. ஒரு மொடலுக்கு 12 உடுப்பு வெட்டினால் 34 முதல் 44 வரை 1, 2, 3, 3, 2, 1 என்று வருகிறது. இந்த விகிதத்தை இதுவரை மாற்றத் தேவை வரவில்லை. கொழும்பில் இருந்து கட்டாக வாங்கும் ரெடிமேட் சைஸுக்கு ஒன்றாக வரும். அப்படி வாங்கி விற்கிற இடங்களில் 38உம் 40உம் முதல் வாரத்திலேயே போய்விட, 34 தூசி படிந்து தொங்கும்.

கை நீளத்தையும் எண்ணினோம். முக்கால் கை 58, முழுக்கை 41, அரைக்கை 19. திருகோணமலையில் இதைப் பார்க்காமல் துணி வெட்டக் கூடாது. கிண்ணியா, மூதூரில் இருந்து வருகிறவர்களும் நகரத்து முஸ்லிம் பெண்களும் முழுக்கையும் முழங்காலுக்குக் கீழான நீளமும் கேட்பார்கள். கோயிலுக்கும் கந்தோருக்கும் போடுகிறவர்களுக்கு முக்கால் கை போதும். ஆகவே உடம்பு அட்டை ஒன்று, கை அட்டை இரண்டு (16½ அங்குலம், 22 அங்குலம்), நீளம் இரண்டு (40, 46). ஒரு மொடலின் 12 உடுப்பில் ஐந்து முழுக்கை.

அட்டை

முதல் பிழை, நன்றாக விலைபோகும் ஒரு ரெடிமேட் குர்தியைப் பிரித்து அப்படியே அட்டையில் வரைந்தது. தைத்து முடிந்ததும் எல்லாருக்கும் பின்முதுகில், இடுப்புக்கு மேலே, மூன்று மடிப்பு விழுந்தது. கழுத்துப் பின் எலும்பில் இருந்து இடுப்பு வரை அந்த உடுப்பில் 16 அங்குலம். கொப்பியில் உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்கு 14½. இடுப்பு வளைவு இறங்கி இடுப்பெலும்பில் போய் உட்கார, மிச்சத் துணி மேலே மடிகிறது. அந்த அட்டையை எறிந்துவிட்டு 38 சைஸைப் புதிதாகப் போட்டோம். மார்பு 38, தளர்ச்சி 3, நாலில் ஒன்று 10¼. அரைத் தோள் 7⅛. கைக்குழி ஆழம் 7¾. பின் இடுப்பு 14½.

அதில் இருந்து மற்ற சைஸுகளுக்குக் கூட்டிக் குறைத்தபோது இரண்டாவது பிழை. மார்பில் சைஸுக்கு 2 அங்குலம் கூட்டினால் கால்பங்குக்கு அரை அங்குலம், அது சரி. அதே கையோடு அரைத் தோளிலும் கால் அங்குலம் கூட்டியாயிற்று. 40இல் பெரிதாகத் தெரியவில்லை. 42இல் கை, தோளை விட்டு இறங்கித் தொங்கியது. ஆள் பருக்கும்போது தோள் எலும்பு அந்த அளவுக்கு அகலாது. சைஸுக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம் போதும். 36க்கு 7, 38க்கு 7⅛, 40க்கு 7¼, 42க்கு 7⅜, 44க்கு 7½. கைக்குழி ஆழம் சைஸுக்குக் கால் அங்குலம்.

தோள் சரியானதும் கை சுருங்கியது. இதற்கு டேப்பைத் தட்டையாக வைத்து அளந்தால் காரணம் பிடிபடாது. டேப்பை ஓரத்தில் நிறுத்தி, வளைவோடு வளைவாக நடத்தி அளக்க வேண்டும். 42இல் கைக்குழிச் சுற்று 18½, கையின் மேல் வளைவு 19¾. ஒன்றேகால் அங்குலம் கூட. கொட்டன் துணியில் அரை முதல் ⅝ வரை கூட இருந்தால் விரலால் தள்ளித் தள்ளி விழுங்க வைத்துத் தைக்கலாம். அதற்கு மேல் போனால் எப்படித் தைத்தாலும் தோளில் சுருக்கு நிற்கும். வளைவின் முன்பக்கமும் பின்பக்கமும் நடுப்பகுதியில் செதுக்கி ⅝க்குக் கொண்டுவந்தது மூன்றாவது அட்டை. ஒவ்வொரு தடவையும் விலை குறைந்த வெள்ளைக் கொட்டனில் தைத்து, ஆளில் போட்டுப் பார்த்தே முடிவெடுத்தோம். அந்த வெள்ளைத் துணிக்கு மொத்தம் 6,400 ரூபா. முழுத் திட்டத்திலும் இதைவிடப் பயனான செலவு இல்லை.

பக்கத் தையலுக்கு முக்கால் அங்குலம் உள்ளே விட்டது வேண்டுமென்றே. ரெடிமேடில் அரை அங்குலமும் இருக்காது. இங்கே உடுப்பைக் கையில் எடுத்ததும் பெண்கள் முதலில் செய்வது அதைத் திருப்பிப் பார்ப்பது. “உள்ளே விட்டிருக்கா அக்கா?” என்ற கேள்விக்குப் பிறகுதான் விலை கேட்பார்கள். பக்கத்துக்கு ⅜ பிரித்தால், நாலு ஓரத்திலும் சேர்த்து ஒன்றரை அங்குலம் கிடைக்கும்.

அட்டைக்கு பிரிஸ்டல் போட் வாங்கினோம். ஒக்டோபர் மழை தொடங்கியதும் அது சுருண்டு, ஓரம் பஞ்சுபோல ஆனது. ஓரத்தில் பிசின் டேப் ஒட்டி, துளைபோட்டுக் கம்பியில் தொங்கவிட்ட பிறகு நின்றது. கழுத்துப் பட்டி, பொக்கற் மாதிரிச் சின்ன அட்டைகளுக்குப் பழைய எக்ஸ்ரே பிலிம் நல்லது. ஈரம் ஏறாது, சோக்கட்டி ஓரத்தில் வழுக்கிக்கொண்டு போகும்.

சுருக்கச் சோதனை

எந்தத் துணி வந்தாலும் 50 சென்ரிமீற்றர் சதுரம் ஒன்று வெட்டி, ஓரம் அடித்து, தோய்த்து, காயவிட்டு, அயன் பண்ணி அளக்கிறது. கொட்டன் 48.5க்கு வந்தது, 3 வீதம். ரேயோன் நீளவாட்டில் 47, அதாவது 6 வீதம். 42 அங்குல நீளமான ரேயோன் குர்தி முதல் தோய்ப்பிலேயே இரண்டரை அங்குலம் ஏறும் என்று அர்த்தம். முதல் எட்டு ரேயோன் உடுப்பை இந்தச் சோதனை இல்லாமல் விற்று, ஐந்தைத் திருப்பி எடுக்க வேண்டிவந்தது. இப்போது ரேயோன் ரோலை வெட்டுவதற்கு முன் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் மொட்டை மாடியில் நீளமாகக் காயப்போடுகிறது. 26 மீற்றருக்கு ஒரு முழு நாள் போகும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான வாடைக்கால மழையில் இது நடக்காத காரியம், ஆகவே அந்த மாதங்களுக்கான ரேயோனை செப்ரெம்பருக்குள் ஊறவைத்து முடிக்க வேண்டும்.

மருதமுனைக் கைத்தறிக்குச் சுருக்கத்தோடு சாயமும் பார்க்க வேண்டும். ஈர வெள்ளைத் துண்டைத் துணியின் மேல் வைத்துச் சூடான அயனால் அழுத்தினால், சாயம் விடுகிற துணி உடனே அடையாளம் காட்டும். கடும் சிவப்பும் கருநீலமும் விட்டன, மற்றவை நின்றன. விட்டதை வெள்ளைக் கரையோடு சேர்த்துத் தைக்காமல் தனி உடுப்பாக்கினோம்.

விலைக் கணக்கு

வீட்டில் இருந்து விற்றபோது கணக்கு இப்படி இருந்தது: துணி 1,800, விலை 3,000, ஆக இலாபம் 1,200. இந்தக் கணக்கோடு கடைக்குள் போயிருந்தால் ஆறு மாதத்தில் கதவு சாத்தவேண்டியதுதான்.

நேரத்தை ஃபோனில் ஓடவிட்டு, ஒரு குர்தியின் வேலையை நிமிடமாக எழுதினோம். வெட்டு 9, கழுத்துப் பட்டி 14, தோள் மூட்டு 3, கை 12, பக்கம் 8, பிளவும் கீழ் மடிப்பும் 16, அயன் 7, பட்டனும் லேபலும் 6, நூல் நறுக்கிச் சரிபார்க்க 5. மொத்தம் 80 நிமிடம். கீழ் மடிப்புக்கு 16 நிமிடம் என்பது யாருக்கும் நம்ப முடியாத எண். கழுத்துத்தான் கஷ்டம் என்று எல்லாரும் சொல்வார்கள், நேரத்தைத் தின்பது கீழ் மடிப்பு. அயனால் முதலில் மடித்துப் பின் தைத்தால் 11க்கு இறங்கும், ஆனால் விலைக் கணக்கை 80 நிமிடத்திலேயே வைத்திருக்கிறது.

ஒரு தையற்காரிக்கு மாதம் 40,000. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி பங்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், ஆக 46,000. (அவருடைய பங்கான 8 வீதம் சம்பளத்தில் இருந்து கழியும்.) சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரியில் இருந்து 30,000, அந்தத் தொகைக்கு ஓவர்லொக் (துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் மெஷின்) தெரிந்த கை இங்கே கிடைக்காது. 25 நாள், 8 மணித்தியாலம் என்றால் 12,000 நிமிடம். நூல் அறுவது, பொபின் மாற்றுவது, தேத்தண்ணி, கரண்ட் போவது எல்லாம் போக உண்மையில் தைப்பது அதில் 70 வீதம், 8,400 நிமிடம். நிமிடத்துக்கு ஐந்தரை ரூபா. 80 நிமிடத்துக்கு 440.

துணி 2.15 மீற்றர், மீற்றர் 780, ஆக 1,677. பட்டி, நூல், பட்டன், லேபல், பை 195. கடைச் செலவு மாதம் 54,000 (வாடகை 32,000, மின்சாரம் 6,500, தொலைபேசி 3,500, கொழும்புப் பயணமும் பார்சலும் 8,000, சில்லறை 4,000). மாதம் 90 உடுப்பு விற்றால் ஒன்றுக்கு 600. கூட்டினால் 2,912. விற்காமல் கழிவில் போவதற்கும் கறைபட்டதற்கும் 8 வீதம் சேர்த்து 3,145. பழைய 3,000 விலைக்கு விற்றால் ஒவ்வொன்றிலும் 145 ரூபா கையைவிட்டுப் போயிருக்கும். வைத்த விலை 3,950.

இதற்குள்ளும் ஒரு பிழை ஒளிந்திருந்தது. எத்தனை விற்றால் கை கடிக்காது என்று பார்த்தபோது, ஓர் உடுப்பில் கடைச் செலவு தவிர்ந்த மற்றச் செலவெல்லாம் போக மிஞ்சுவது 1,405, அதனால் 54,000ஐப் பிரித்து 39 என்று எழுதியாயிற்று. சம்பளத்தை உடுப்புக்கு 440 என்று எழுதினாலும், அது உடுப்பைப் பார்த்துக் கொடுப்பதல்ல. விற்றாலும் விற்காவிட்டாலும் மாதக் கடைசியில் 46,000 போகும். அதையும் கடைச் செலவில் போட்டு, உடுப்புக்கு மிஞ்சுவதை 1,845 ஆக்கினால் 55 வருகிறது. 39க்கும் 55க்கும் இடையில் கடை பூட்டியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பது என் ஊகம்.

மெஷின்

பாவித்த ஜூகி ஒற்றை ஊசி மெஷின் மேசையோடு 78,000. டி.டி.எல் 8700 மொடல், உதிரி எங்கும் கிடைக்கும். பாவித்த நாலு நூல் ஓவர்லொக் 92,000. வாங்கும்போது பார்த்தது: கைச்சில்லை மெதுவாகச் சுற்றி, ஊசித் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பது, ஊசித்தட்டின் துளையைச் சுற்றி ஊசி குத்திய தழும்பு இருக்கிறதா என்பது, டோர்ச் அடித்து, கீழே நூலைப் பிடிக்கும் கொக்கியின் நுனியைப் பார்ப்பது. நுனி மழுங்கியிருந்தால் ரேயோனில் தையல் விட்டுவிட்டு வரும். விற்கிறவர் எப்போதும் தடித்த துணியில் தைத்துக் காட்டுவார். பையில் ஒரு மீற்றர் ரேயோனைக் கொண்டுபோய் இரண்டு மடிப்பில் தைத்துப் பாருங்கள், மெஷினின் குணம் அதில் தெரியும்.

மேசையோடு வந்த கிளட்ச் மோட்டர் சும்மா இருக்கும்போதும் இரைந்துகொண்டே இருக்கும், மின்சாரமும் இழுக்கும். அதற்குப் பதிலாக, மிதிக்கும்போது மட்டும் ஓடும் சேர்வோ மோட்டரை 21,500க்குப் போட்டோம். பழைய பெல்ட் ஒரு அங்குலம் தளர்ந்து வழுக்கியது. சேர்வோவின் கப்பி சின்னது, ஆகவே பெல்ட்டையும் சேர்த்தே வாங்க வேண்டும். வேகத்தை நிமிடத்துக்கு 2,500 தையலில் கட்டிவைத்தோம், வீட்டு மெஷினில் பழகிய காலுக்கு அதுவே அதிகம். ஊசி டி.பி 1 வகை, கொட்டனுக்கு 14, ரேயோனுக்கு 11. தையல் நீளம் இரண்டரை மில்லிமீற்றர்.

கடற்காற்று உள்ள ஊரில் ஊசியைப் பெட்டியில் திறந்து வைத்தால் இரண்டு வாரத்தில் கண்ணில் துரு பிடிக்கும். மெஷின் எண்ணெய் தொட்ட துணியில் சுற்றி டின்னில் போட்டுவைக்கிறோம். இரண்டு நாள் பூட்டியிருந்தால், காலையில் முதலில் கழிவுத் துணியில் இரண்டு நிமிடம் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் ஊசித் தண்டில் இறங்கிய எண்ணெய் முதல் உடுப்பின் நெஞ்சில் விழும். பிளவுஸ் ஊக்கிலும் இதே கதைதான். மலிவான இரும்பு ஊக்கு வெள்ளைத் துணியில் காப்பிப் பொட்டு வைக்கும், பித்தளை ஊக்கு ஒன்றுக்குச் சில ரூபா கூடினாலும் அதுதான்.

கழுத்துப் பட்டிக்குள் ஒட்டும் கன்வஸ் தோய்த்ததும் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. பசையைக் குறை சொல்லி இரண்டு கடை மாறினோம். காரணம் அயனைத் தேய்த்தது. நகர்த்தாமல், 12 முதல் 15 விநாடி அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். சுருங்கும் துணியைத் தோய்க்காமல் ஒட்டினாலும் இதே கொப்புளம் வரும், துணி சுருங்கும், கன்வஸ் சுருங்காது.

துணி

கொழும்பு புறக்கோட்டையில் முதல் தடவை வாங்கியது 14 பூ, அதாவது 14 வகைப் பூப்போட்ட துணி, ஒவ்வொன்றிலும் 6 மீற்றர். கண்ணுக்கு அழகு, கடைக்கு நாசம். 6 மீற்றரில் இரண்டு குர்தியும் ஒரு துண்டும் வரும், சைஸ் வரிசை வராது. “இந்தப் பூவில 42 இருக்கா?” என்று கேட்டால் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாம் தடவை 4 பூ, ஒவ்வொன்றிலும் 26 மீற்றர். 12 உடுப்பும் ஒரே விரிப்பில். தனித்தனியாக வெட்டியபோது 2.3 மீற்றர் போனது, ஆறு ஆறாக அடுக்கி, பெரிய சைஸின் இடைவெளியில் சின்ன சைஸின் கையை நுழைத்ததும் 2.15 ஆனது. இது 44 அங்குல அகலத் துணிக்கு. 58 அங்குலம் கிடைத்தால் 1.7 போதும், ஆகவே மீற்றர் விலையை மட்டும் வைத்து ஒப்பிடக் கூடாது.

பூ ஒரே திசையைப் பார்க்கும் துணியில் அட்டையைத் தலைகீழாக வைக்க முடியாது. அதைக் கவனிக்காமல் வெட்டி, மூன்று குர்தியில் பின்பக்கப் பூ தலைகீழாக நின்றது. அந்த மூன்றும் தலையணை உறையாகிவிட்டன. ஒரே நிறத்தில் இரண்டு ரோல் வாங்கினால், துண்டு ஒவ்வொன்றிலும் சோக்கால் ரோல் இலக்கம் எழுதுங்கள். மின்குமிழ் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் கையும் உடம்பும் வெயிலில் இரண்டு நிறமாகும்.

பதிவு

பெரிய சிக்கல் இல்லை, வரிசைதான் முக்கியம். வணிகப் பெயர்ப் பதிவு பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில். அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், இடத்துக்கான ஒப்பந்தம். அந்தச் சான்றிதழோடு வங்கிக் கணக்கு, கணக்கோடு லங்கா கியூ.ஆர். அட்டை. உள்ளூராட்சி மன்றத்தின் வியாபார உரிமம் ஆண்டுக்கு ஆண்டு. பிழைத்தது ஒரு இடத்தில்: வீட்டுக்காரரிடம் சோலைவரிப் பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேட்காமல் ஒப்பந்தம் எழுதியது. பங்கு பிரிக்காத காணி, சீட்டு இன்னொருவர் பெயரில். அதைச் சரிசெய்ய ஏழு வாரம், வாடகை மட்டும் ஓடியது. ஒப்பந்தத்துக்கு முன் சீட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

கடை

பிரதான வீதியில் கேட்ட வாடகை இரண்டு மடங்கு. மத்திய வீதியில் இருந்து இறங்கும் ஒரு குறுக்குத் தெருவில், 11 அடிக்கு 19 அடி அறை, 32,000, ஆறு மாத முற்பணம் 192,000. தெரிவு செய்த காரணம் வாசலில் நாலு ஸ்கூட்டி நிறுத்தலாம் என்பது. உடுப்பு வாங்க வருகிற பெண்கள் ஸ்கூட்டியில்தான் வருகிறார்கள், நிறுத்த இடமில்லாவிட்டால் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள்.

உடுப்புக் கம்பியைச் சுவரில் அடித்தோம். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர், ரோல் பிளக் இரண்டு வாரம் பிடித்தது. மூன்றாம் வாரம் 40 உடுப்போடு கம்பி கீழே. இப்போது தரையில் நிற்கும் சட்டம், உயரம் 160 சென்ரிமீற்றர், தாங்கி ஒவ்வொரு 120க்கும். வெட்டிய குழாயின் வாயில் பிளாஸ்ரிக் மூடி போடாவிட்டால் அங்கே துரு பிடித்து, கடைசி உடுப்பின் தோளில் கறை வைக்கும்.

வாசல் கண்ணாடியில் நிறுத்திய பொம்மைக்கு மஞ்சள் குர்தி போட்டு ஒரு மாதம் விட்டாயிற்று. கழற்றினால் இடது தோளில் இருந்து கைவரை வெளிறி, வலது பக்கம் புதுசு. காலை வெயில் நேரே விழுகிற வாசல். பொம்மை உடுப்பை ஐந்து நாளுக்கு ஒருதடவை மாற்ற வேண்டும். துணி வந்த அட்டைப்பெட்டியை வெளியே விட்டால் ஊருக்குள் திரியும் மான்கள் வந்து சப்பிவிட்டுப் போகும், அதற்குக் கணக்கு எழுதத் தேவையில்லை.

உடுப்பு மாற்றும் அறைக்கு முதலில் திரை. கூச்சப்பட்டு யாரும் உள்ளே போகவில்லை, ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி தெரிந்தது. கொண்டி போட்ட கதவு வைத்த வாரத்தில் இருந்து போட்டுப் பார்ப்பவர்கள் கூடினார்கள். 90க்கு 100 சென்ரிமீற்றர், மூன்று கொழுக்கி, ஒரு சின்ன இருக்கை. விளக்கு தலைக்கு மேலே இருந்தால் கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து எந்த உடுப்பும் அழகாகத் தெரியாது, கண்ணாடியின் இரு பக்கமும் வையுங்கள். கடைக்குள் 6,500 கெல்வின் வெள்ளை விளக்கு போட்டிருந்தோம், ஆட்கள் உடுப்பைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய் நிறம் பார்த்தார்கள். 4,000க்கு மாற்றியதும் அந்த நடை குறைந்தது.

மெஷின் கடையின் பின்பக்கத்தில். ஒரு மணி முதல் மூன்றரை வரை வெயிலுக்கு யாரும் வரமாட்டார்கள், அது தைக்கும் நேரம். நாலரைக்குப் பிறகு விற்பனை. கறுப்பு அபாயாவை மெஷினுக்குப் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள், பறக்கும் நூல்தூள் முழுவதும் அதில்தான் உட்காரும்.

லேபலைப் பின் கழுத்தில் சற்றின் துணியில் வைத்ததில், வெட்டிய மூலை குத்துகிறது என்று முறைப்பாடு வந்தது. நடுவில் மடித்த லேபலாக்கி, தோய்க்கும் குறிப்பைத் தமிழ், சிங்களம், ஆங்கிலத்தில் பக்கத் தையலுக்குள் மாற்றினோம்.

மொத்தச் செலவு 775,000. மெஷினும் வெட்டு மேசையும் கருவிகளும் 248,800. கடைக்குள் செய்த வேலை 149,700. முற்பணம் 192,000. துணியும் லேபலும் பையும் 184,500.

விற்பனை

கடை திறந்தது ஒன்பதாம் மாதம். அந்த மாதம் 34 உடுப்பு, 37,270 ரூபா கைநட்டம். பத்தாம் மாதம் 47, இன்னும் 13,285 நட்டம். பதினொராம் மாதம் 61, முதல் தடவையாக 12,545 மிச்சம். பதினான்காம் மாதம் 93 உடுப்பு, 71,585. இதில்தான் கடைக்காரரின் சொந்த உழைப்புக்கான கூலியும் இருக்கிறது, தனியாக எழுதவில்லை. ஒரு தையற்காரியின் உச்சம் மாதம் 105 உடுப்பு, ஆகவே அடுத்த படிக்கு இரண்டாவது கை வேண்டும்.

கூலித் தையலை விடுவது நினைத்ததைவிடக் கடினம். பழைய வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப மனம் வராது, தீபாவளிக்கு முன் மூன்று வாரம் மெஷினில் அவர்களுடைய பிளவுஸே ஓடியது, கடைக் கம்பி பாதி காலி. இப்போது பிளவுஸ் மாதத்தில் முதல் மூன்று நாள் மட்டும் எடுப்பது, லைனிங் வைத்ததற்கு 150 நிமிடக் கணக்கில் விலை.

உப்புவெளியில் இரண்டு விடுதிகளில் கமிஷனுக்கு 30 உடுப்பு வைத்தோம், மே முதல் செப்ரெம்பர் வரை சுற்றுலாக் காலம். கமிஷன் 30 வீதம். விற்றது 11. நம்முடைய 38, வெளிநாட்டுப் பெண்ணுக்கு முதுகு நீளம் போதாது, மார்பு சரியாக வந்தாலும் இடுப்பு ஏறி நிற்கும். போன 11இல் 8 தளர்ந்த கஃப்தான். திரும்பி வந்தவற்றில் ஏழு உப்புக் காற்றில் பிசுபிசுத்து, தோய்த்த பிறகே தொங்கவிட முடிந்தது.

கொடுத்ததும் காசு என்ற முறையில் அனுப்பிய முதல் 20 பார்சலில் 6 திரும்பியது, இரு வழிக் கட்டணமும் கடையின் தலையில். ஓடருக்கு 500 ரூபா முன்பணம் வாங்கத் தொடங்கி, உடுப்பைத் தரையில் விரித்து மார்பிலும் இடுப்பிலும் டேப் வைத்த படம் போட்ட பிறகு, அடுத்த 20இல் ஒன்றுதான் திரும்பியது. படம் காலை எட்டு மணிக்கு, யன்னல் பக்கத்தில், ஃபிளாஷ் இல்லாமல்.

அடுத்த தடவை என்றால்

ஒப்பந்தத்துக்கு முன் அந்த ஏழு வாரத்தைச் சீட்டுத் தேடுவதில் செலவழிப்பது. 14 பூவுக்குப் பதில் முதலிலேயே 4. பெயர்ப்பலகைக்கு 26,000 கொடுத்ததற்குப் பாதி போதும், அந்தக் காசில் இரண்டாவது அயன். ஓவர்லொக்கை ஒற்றை ஊசிக்கு முன்னரே வாங்குவது, ஏனென்றால் வீட்டு மெஷினோடேயே அது சேர்ந்து ஓடும், உடுப்பின் உள்பக்கம் முதல் நாளே கடை உடுப்பாகத் தெரியும்.

முதல் 14 பூவில் 5 இன்னும் றாக்கையில். அதில் கஃப்தான் அட்டை ஒன்று வெட்டியாயிற்று, முதுகு நீளம் 16, ஒரே சைஸ். முதலாவது துண்டு இப்போது மூன்றாம் தோய்ப்பில் கொடியில் தொங்குகிறது.